தாயிடம் திரும்பிய மகள்: செரீ மொராகாவின் ‘போர்க்காலத்தில் நேசித்தல்’

செரீ மொராகா எழுதிய ‘லவிங் இன் தி வார் இயர்ஸ்’ 1983-ஆம் ஆண்டு பாஸ்டனில் உள்ள சவுத் எண்ட் பிரஸ் வெளியிட்ட நூல். தலைப்பைத் தமிழில் ‘போர்க்காலத்தில் நேசித்தல்’ எனலாம். மெக்சிக்க வழிவந்த அமெரிக்கப் பெண்கள் தம்மைச் சிகானா என்று அழைத்துக்கொள்கின்றனர். தன்பாலீர்ப்பு உடையவர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட சிகானா ஒருவர் தனி நூலாக வெளியிட்ட முதல் படைப்புகளில் இதுவும் ஒன்று. கவிதை, கட்டுரை, கதை, நாட்குறிப்பு ஆகியவை இதில் கலந்துள்ளன. வெளியானபோது ஆசிரியருக்கு வயது முப்பத்தொன்று.

குடும்ப மரபை எதிர்த்து வெளியேறிய ஒரு பெண்ணின் கலகக் குரல் என்றே இந்நூல் பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. அது பாதி உண்மை. நூலை முழுதாகப் படிப்பவருக்கு வேறொன்று தெரியவரும். தன் விருப்பம் பெண்கள் மீதே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த மகள் தன் தாயை நெருங்குகிறாள். அப்படி நெருங்கியபின், தாய் தன்னைவிட மகனையே மேலாக வைத்திருக்கிறாள் என்ற உண்மையையும் எதிர்கொள்கிறாள். இந்த இரண்டும் சேர்ந்ததே நூலின் பொருள். அதை விளக்கி, நூலின் நிறை குறைகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர்

செரீ மொராகா 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் உள்ள விட்டியர் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வெள்ளை அமெரிக்கர். தாய் எல்வீரா மொராகா, மெக்சிக்க வழிவந்தவர். எழுத்துலகில் மொராகா தாங்கி நிற்பது தந்தையின் குடும்பப் பெயரை அல்ல, தாயின் குடும்பப் பெயரை. இது தற்செயலானது அல்ல என்பதை நூலைப் படிக்கும்போது உணரலாம்.

கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் 1974-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபின் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று, அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். குளோரியா அன்சால்துவாவுடன் இணைந்து அவர் தொகுத்த ‘திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்’ 1981-இல் வெளிவந்தது. கறுப்பின, ஆசிய, பழங்குடி, லத்தீன் அமெரிக்க வழிப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்த அந்நூல் பெண்ணியக் கல்வியில் இன்றும் பாடநூலாக விளங்குகிறது. பின்னாளில் மொராகா நாடக ஆசிரியராகப் புகழ்பெற்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்.

வரலாற்றுப் பின்னணி

இந்நூலைப் புரிந்துகொள்ள இரண்டு வரலாறுகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சிகானோ இயக்கம். 1848-இல் கையெழுத்தான குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிக்கோ தன் வடபுலத்துப் பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவிடம் இழந்தது. இன்றைய கலிபோர்னியா அதில் அடங்கும். அங்கே வாழ்ந்தவர்களும் பின்னர் வேலை தேடி எல்லை கடந்து வந்தவர்களும் வயல்களிலும் ஆலைகளிலும் குறைந்த கூலிக்கு உழைத்தனர். 1965-இல் கலிபோர்னியாவின் டெலானோவில் தொடங்கிய திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1968-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாணவர்களின் வெளிநடப்பு, 1970-இல் வியட்நாம் போருக்கு எதிராக அதே நகரில் நடந்த பேரணி ஆகியவை இவ்வியக்கத்தின் மைல்கற்கள். வெள்ளையர் சமூகம் தம்மை இழிவாக நடத்தியபோது இம்மக்களுக்கு அரணாக நின்றது குடும்பம். ஆகவே இயக்கமும் குடும்பத்தையே தன் அடையாளமாக ஏற்றது. அந்தக் குடும்பத்தின் தலைவன் ஆண்.

இரண்டாவது, தன்பாலீர்ப்பு உடையோரின் உரிமைப் போராட்டம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல்தான் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவில் பிரிக்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார். தன்பாலீர்ப்பு உடையவர்கள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 1978 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதைத் தோற்கடித்தனர். மொராகா பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு எழுத்துக்கு வந்த காலம் இதுவே. தலைப்பில் உள்ள ‘போர்க்காலம்’ என்ற சொல் வெறும் அணி அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

தலைப்பும் துணைத்தலைப்பும்

நூலின் தலைப்புக்கு ஒரு கனவு மூலமாக உள்ளது. கவிஞரும் அவருடைய காதலியும் சிறைமுகாமில் இருக்கின்றனர். தப்புவதற்கு வழி உண்டு, ஆனால் அது பிரிவுக்கு இட்டுச்செல்லும். தப்புவதைவிட இணைந்திருப்பதே மனிதராக இருக்கும் வழி என்று கனவில் அவருக்குத் தெளிவாகிறது. இந்தக் கனவை முன்னுரையிலேயே வைத்திருப்பதால், பின்னால் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் ‘தப்பித்தல்’ என்ற கோணத்தில் அல்லாமல் ‘விட்டுப் போகாதிருத்தல்’ என்ற கோணத்தில் படிக்க வேண்டியவர்களாகிறோம். காதலியை மட்டுமல்ல, தாயையும் இனத்தையும் விட்டுப் போக மறுக்கும் நூல் இது.

துணைத்தலைப்பு ஸ்பானிய மொழியில் உள்ளது: ‘லோ கே நுன்கா பாசோ போர் சுஸ் லாபியோஸ்’. இதழ்களைக் கடந்து வெளிவராதது என்பது பொருள். யாருடைய இதழ்கள் என்று கேட்டால் விடை எளிதல்ல. ‘சுஸ்’ என்ற ஸ்பானியச் சொல் ‘அவனுடைய’, ‘அவளுடைய’, ‘அவர்களுடைய’, ‘உங்களுடைய’ என எல்லாப் பொருளும் தரும். ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தமிழில் ‘அவருடைய’ என்று சொல்லி ஆண், பெண் வேறுபாட்டை மறைத்துவிடலாம். அப்போதும் ஒருவரா, பலரா, எதிரில் இருப்பவரா என்ற கேள்வி மிஞ்சும். மொராகா இச்சொல்லின் மயக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டுள்ளார். தாய் சொல்லாமல் விட்டது, தாயின் தாய் சொல்லாமல் விட்டது, மகள் இப்போது சொல்வது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. பேசும் வாய், உண்ணும் வாய், முத்தமிடும் வாய் என்று ‘வாய்’ நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வருவதும் இதனோடு தொடர்புடையது.

வெளுத்த தோலுடைய மகள்

நூலில் இடம்பெற்ற ‘லா குவேரா’ என்ற கட்டுரை 1979-இல் எழுதப்பட்டது. 1981-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் உள்ளது. ‘குவேரா’ என்றால் வெளுத்த நிறமுடையவள். தாயின் மாநிறம் மகளுக்கு வரவில்லை. தந்தையின் வெள்ளைத் தோல் வந்தது.

தாய் எல்வீரா சிறுவயதில் பலமுறை பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வயலிலும் பிற இடங்களிலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். தான் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படக் கூடாது என்பதே அவர் எண்ணம். பிள்ளைகள் வெள்ளையர் போல் வளர்வது அவருக்குப் பெருமை என்பதைவிடப் பாதுகாப்பு. வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி முறையாகக் கற்பிக்கப்படாததன் காரணமும் இதுவே. தாயின் அன்புதான் மகளைத் தாயின் மொழியிலிருந்து பிரித்தது என்ற முரணை மொராகா பழி சுமத்தாமல் பதிவு செய்கிறார்.

வெள்ளைத் தோலும் கல்வியும் சேர்ந்ததால் மகளுக்குக் கதவுகள் திறந்தன. தாய்க்கு நேர்ந்தவை தனக்கு நேராது என்று எண்ணிக்கொண்டு வாழ்ந்தார். பெண்கள் மீதான தன் விருப்பத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய நாள் வந்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. தன் உடலைப் பற்றி, தன் விருப்பத்தைப் பற்றி வாய் திறக்க முடியாத நிலையை அவர் முதன்முறையாக அனுபவித்தார். ஏழையாகவும் படிக்காதவளாகவும் மெக்சிக்கப் பெண்ணாகவும் தன் தாய் வாய்மூடிக் கிடந்த ஆண்டுகள் அப்போதுதான் அவருக்குப் புரிந்தன. தன்பாலீர்ப்பு தாயிடமிருந்து தன்னை விலக்கும் என்று அஞ்சியவர், அதுவே தாயை நோக்கிச் செல்லும் பாதை என்று கண்டுகொண்டார்.

இந்தத் திருப்பமே நூலின் உயிர்நாடி. ‘குடும்பமா, சுயமா’ என்ற வழக்கமான கேள்வியை மொராகா ஏற்கவில்லை. ஒன்றை அடைய மற்றொன்றை விடத்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தால், இந்நூல் ஏற்கெனவே பலர் எழுதிய தன்வரலாறுகளில் மேலும் ஒன்றாக இருந்திருக்கும்.

இதே கட்டுரையில் வரும் மற்றொரு நிகழ்வும் கவனிக்கத்தக்கது. கறுப்பினக் கவிஞர் ந்தோசாகே ஷாங்கே தம் கவிதைகளை வாசித்த நிகழ்ச்சிக்கு மொராகா சென்றார். ஷாங்கேயின் பேச்சுவழக்கும் உணர்ச்சியும் அவரை நிலைகுலையச் செய்தன. தன் தாயின் குரலைத் தன் எழுத்தில் தான் அனுமதிக்கவே இல்லை என்பதை அங்கே உணர்ந்தார். தன் இனத்தவர் அல்லாத ஒருவரிடமிருந்து தன் இனத்தின் குரலைக் கேட்கக் கற்றுக்கொண்டார்.

ஒடுக்குமுறைகளைத் தரவரிசைப்படுத்துவது ஆபத்து என்பதும் இக்கட்டுரையின் முக்கியக் கருத்து. இனமா, பாலினமா, வர்க்கமா, எது பெரிய துன்பம் என்று போட்டியிடுவதால் பயனில்லை. ஒவ்வொன்றும் எவ்வாறு வலிக்கிறது என்று அவரவர் தம் வாழ்விலிருந்து அறிய வேண்டும். தாம் ஒடுக்கப்பட்டவர் மட்டுமல்ல, வெள்ளைத் தோலால் சலுகை பெற்றவரும்கூட என்பதை மொராகா மறைக்கவில்லை. கட்டுரையின் நம்பகத்தன்மை இந்த நேர்மையிலிருந்து வருகிறது.

அண்ணனும் தங்கையும்

நூலின் நீண்ட கட்டுரை ‘எ லாங் லைன் ஆஃப் வெந்திதாஸ்’. ‘வெந்திதா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு விலைபோனவள், துரோகி என்று பொருள். துரோகிகள் என்று பெயர்பெற்ற பெண்களின் நீண்ட வரிசை என்று தலைப்பை விரிக்கலாம்.

இக்கட்டுரையில் இளமைக்கால வீடு வருகிறது. அண்ணனுக்கும் அவன் நண்பர்களுக்கும் பணிவிடை செய்வது வீட்டுப் பெண்பிள்ளைகளின் கடமை. மறுத்துப் பேச இடமில்லை. இதை வாசிக்கும் நம் மாணவிகளுக்கு எந்த அடிக்குறிப்பும் தேவைப்படாது. தாய்க்கு மகன் மீதுள்ள அன்பு கேட்காமலே கிடைப்பது. மகள் மீதுள்ள அன்பு உழைத்துப் பெற வேண்டியது. மகன் எப்படி நடந்துகொண்டாலும் அவன் மகன். மகள் ஒவ்வொரு நாளும் தன் பற்றை மெய்ப்பிக்க வேண்டும்.

தாயிடமிருந்து மகள் எதிர்பார்த்தது பெரிதொன்றும் இல்லை. அண்ணனுக்குத் தரும் இடத்தைத் தனக்கும் தர வேண்டும் என்பதுதான். ஆனால் அது கிடைக்காது என்பதை மொராகா புரிந்துகொள்கிறார். தாய் அப்படிச் செய்தால் தன் சமூகத்தின் அடிப்படை விதியையே மீறியவள் ஆவாள். ஆணுக்கு முதலிடம் தராத பெண் அந்தச் சமூகத்தின் பார்வையில் இனத்துரோகி. ஆகவே தாயின் பாரபட்சம் அவருடைய தனிப்பட்ட குணக்குறை அல்ல, அவர் மீது சுமத்தப்பட்ட சட்டம். இவ்வாறு பார்ப்பதால் மகளின் வலி குறையவில்லை. கோபம் மட்டும் இடம் மாறுகிறது.

அண்ணன் ஆணாக வேண்டுமானால் தந்தையைப் பின்பற்ற வேண்டும், தந்தையோ வெள்ளையர். தங்கை பெண்ணாக வேண்டுமானால் தாயைப் பின்பற்ற வேண்டும், தாயோ மாநிறத்தவர். ஒரே வீட்டில் பிறந்த இருவரின் பாலினத்துக்கும் வெவ்வேறு நிறம் என்கிறார் மொராகா. பாலினமும் இனமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல, ஒரே சமையலறையில் ஒன்றாகக் கற்பிக்கப்படுபவை என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. சமூகவியல் நூல்கள் பல அத்தியாயங்களில் விளக்குவதை இவர் ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகளை வைத்து விளக்கிவிடுகிறார்.

மலின்சே என்ற முன்னோடி

மெக்சிக்கப் பண்பாட்டில் பெண்ணுக்கு இரண்டு உருவங்கள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. ஒன்று, 1531-இல் காட்சியளித்ததாக நம்பப்படும் குவாடலூப் கன்னிமரியாள். மற்றொன்று, மலின்சே. முன்னவர் தூய தாய். பின்னவர் துரோகத் தாய்.

மலின்சே வரலாற்றில் வாழ்ந்த பெண். மலின்ட்சின் என்றும் அழைக்கப்பட்டார். ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் 1519-இல் டபாஸ்கோ கரையில் இறங்கியபோது அங்குள்ள தலைவர்கள் அவருக்கு இருபது பெண்களை அளித்தனர். அவர்களுள் ஒருவர் இவர். நாவாட்ல், மாயா ஆகிய மொழிகளை அறிந்திருந்ததால் கோர்த்தேஸின் மொழிபெயர்ப்பாளரானார். அவருக்கு மகன் ஒருவனையும் பெற்றார். நாடு வீழ்ந்ததற்கு இவரே காரணம் என்று பிற்காலத்தார் பழி சுமத்தினர். ஒக்டேவியோ பாஸ் 1950-இல் வெளியிட்ட ‘தனிமையின் புதிர்வழி’ என்ற கட்டுரை நூலில் இவ்வுருவத்தை மெக்சிக்க மனத்தின் ஆறாத காயமாக விளக்கியிருந்தார்.

சிகானோ இயக்கத்தில் பெண்ணுரிமை பேசியவர்களை மலின்சேயின் வாரிசுகள் என்று ஏசுவது வழக்கமாக இருந்தது. பெண்ணியம் வெள்ளைக்காரப் பெண்களின் சரக்கு, அதைப் பேசுபவள் பகைவனிடம் விலைபோனவள் என்றனர். ஆணே வேண்டாம் என்ற பெண் அதிலும் பெரிய துரோகி. நோர்மா அலர்கோன் முதலிய சிகானா அறிஞர்கள் இந்தத் தொன்மத்தை மறுவாசிப்பு செய்யத் தொடங்கியிருந்தனர். மொராகா அந்த முயற்சியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

அவர் பிடித்துக்கொள்ளும் இழை முக்கியமானது. கோர்த்தேஸின் படைவீரராக இருந்த பெர்னால் தியாஸ் எழுதிய வரலாற்றின்படி, மலின்சேயை முதலில் கைவிட்டது அவருடைய தாய். கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாய், புதிதாகப் பிறந்த மகனுக்கு உரிமை சேர வேண்டும் என்பதற்காக மகளைப் பிறரிடம் கொடுத்துவிட்டார். துரோகி என்று தூற்றப்படும் பெண் முதலில் துரோகத்துக்கு ஆளானவள். அதுவும் மகனுக்காக, தாயால். நானூறு ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியாவில் ஒரு மகள் அண்ணனுக்குப் பின்னால் நிறுத்தப்படும்போது அதே கதை சிறிய அளவில் மீண்டும் நடக்கிறது.

தொன்மத்தை மறுவாசிப்பு செய்பவர்கள் பழிக்கப்பட்ட பெண்ணை வீராங்கனையாக மாற்றிவிட்டு நின்றுவிடுவது உண்டு. மொராகா அதைச் செய்யவில்லை. பெண்கள் ஆண்களுக்காக ஒருவரையொருவர் கைவிடும் வழக்கம் எங்கே அறுபடும் என்பதே அவர் கேள்வி. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு முதலிடம் தந்தால் அந்தச் சங்கிலி அறுபடும். இந்த இடத்தில் தன்பாலீர்ப்பு தனிப்பட்ட விருப்பம் என்ற அளவைக் கடந்து அரசியல் பொருள் பெறுகிறது.

இயக்கமும் குடும்பமும்

சிகானோ இயக்கம் உச்சத்தில் இருந்தபோது மொராகா அதில் பங்கேற்கவில்லை. ஊர்வலங்களை ஓரத்தில் நின்று பார்த்ததாகவே எழுதுகிறார். வெளுத்த தோல், தடுமாறும் ஸ்பானிய மொழி, பெண்கள் மீதான ஈர்ப்பு, எதையும் கேள்வி கேட்கும் குணம் ஆகியவற்றோடு அங்கே போயிருந்தால் தனக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபுறம், வெள்ளைப் பெண்களின் பெண்ணிய அமைப்புகளில் அவர் விருப்பத்துக்கு இடம் இருந்தது, அவர் தாய்க்கு இடம் இல்லை. இரு வீடுகளிலும் பாதி ஆள் வெளியே நிற்க வேண்டியிருந்தது.

இரு பக்கத்தையும் விமர்சிக்கும் மொராகா குடும்பம் என்ற ஒன்றையே தூக்கி எறியவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன ஒடுக்குமுறையின் கீழ் வாழும் மக்களுக்குக் குடும்பம் ஆடம்பரம் அல்ல, உயிர்காப்பு என்று அவர் அறிவார். அவருடைய வாதம் வேறு. குடும்பம் என்பது தலைமுறைகளுக்கு இடையிலான பிணைப்பு, ஒருவரையொருவர் தாங்குதல், ஒரே துன்பத்தைப் பகிர்தல். ஆண் தலைவனாக இருந்தால்தான் இவை நிகழும் என்று எந்த விதியும் இல்லை. குடும்பத்தைக் காப்பது வேறு, குடும்பத்தில் ஆணின் அதிகாரத்தைக் காப்பது வேறு. முன்னதன் பெயரால் பின்னதைக் காப்பவர்களை அவர் அடையாளம் காட்டுகிறார்.

1986-இல் நூலாக வெளிவந்த ‘கிவிங் அப் தி கோஸ்ட்’ என்ற அவருடைய நாடகத்தில் இந்த எண்ணம் மேலும் வளர்கிறது. குடும்பத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டுவது என்ற கருத்து அங்கே வடிவம் பெறுகிறது.

மொழி

நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆனால் ஸ்பானியச் சொற்களும் தொடர்களும் இடையிடையே வருகின்றன. இது அலங்காரத்துக்காகச் செய்யப்பட்ட கலப்பு அல்ல. மொராகாவுக்கு ஸ்பானியம் முழுமையாகக் கைவராத தாய்மொழி. கேட்டுப் பழகிய மொழி, பேசத் தயங்கும் மொழி. பிறகு வளர்ந்தபின் பாடுபட்டுத் திரும்பக் கற்ற மொழி. கருத்தை எடுத்துரைக்கும்போது ஆங்கிலமும், தாய், பாட்டி, உடல் ஆகியவற்றை நெருங்கும்போது ஸ்பானியமும் பெரும்பாலும் வருகின்றன.

மொழியை இழந்தவர் மொழியைப் பற்றி எழுதும்போது வரும் கூச்சமும் ஏக்கமும் இந்தப் பக்கங்களில் உண்மையாக இருக்கின்றன. நூலின் மிகச் சிறந்த உரைநடை இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

அன்சால்துவாவுடன் ஓர் ஒப்பீடு

இவ்விருவரையும் ஒரே மூச்சில் குறிப்பிடுவது வழக்கம். வேறுபாடுகளையும் காண்பது நல்லது. குளோரியா அன்சால்துவா (1942–2004) தெற்கு டெக்சாஸின் எல்லையோரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய ‘பார்டர்லேண்ட்ஸ்’ 1987-இல் வெளிவந்தது. அவருக்கு ஸ்பானியம் வீட்டு மொழி. பள்ளி இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காகக் கைவிரல் முட்டிகளில் அளவுகோலால் அடிபட்டவர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையை அதன் வீட்டுமொழிக்காக அடிப்பது என்ன செய்யும் என்று வகுப்பறையில் காலம் கழித்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆறு தலைமுறையில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய முதல் ஆள் தானே என்று அன்சால்துவா எழுதுகிறார். தன்பாலீர்ப்பு உடையோரை வெறுக்கும் மனநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, வீடு திரும்ப அஞ்சுவது என்று ஒரு மாணவி பிழையாகப் புரிந்துகொண்டதை அவர் குறிப்பிட்டு, அந்தப் பிழை எவ்வளவு பொருத்தமானது என்று வியக்கிறார். வீட்டார் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சமே எல்லா அச்சங்களுக்கும் அடியில் இருப்பது என்பது அவர் முடிவு.

அன்சால்துவா வீட்டிலிருந்து வெளியேறி, எல்லைக்கோடு என்ற பெரிய உருவகத்தைக் கட்டுகிறார். தொன்மங்கள், தெய்வங்கள், வரலாறு என்று அவர் பார்வை விரிகிறது. மொராகா விரிவதில்லை. அவர் சமையலறையை விட்டு நெடுந்தூரம் செல்வதே இல்லை. தாய், அண்ணன், பாட்டி, காதலி என்று சிலருக்குள்ளேயே சுற்றுகிறார். அன்சால்துவாவிடம் கோட்பாடு அதிகம் கிடைக்கும். மொராகாவிடம் மனிதர்கள் கிடைப்பார்கள். புதிதாகப் படிக்க வருபவர் மொராகாவில் தொடங்கி அன்சால்துவாவுக்குச் செல்வது எளிது.

குறைகள்

இந்நூலைப் பாராட்டுபவர்கள் அதன் குறைகளைப் பேசத் தயங்குகின்றனர். சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தந்தை. தாயைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதும் ஆசிரியர் தந்தையை ஒரு நிழலாகவே விட்டுவிடுகிறார். வெள்ளையர் என்பதைத் தவிர அவரைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. தாய்க்குத் தரப்படும் புரிதல், அவரும் தன் சூழலால் உருவானவர் என்ற கருணை, தந்தைக்குத் தரப்படவில்லை.

இரண்டாவது, அண்ணனின் நிறம் பற்றிய வாதம். அது அவர் வீட்டுக்கு முழுதும் பொருந்தும். தந்தையும் மெக்சிக்கராக உள்ள வீட்டுக்குப் பொருந்துமா? அங்கே மகன் ஆணாவதற்கு வெள்ளையனாக வேண்டியதில்லை. வயலில் குனிந்து கூலி வேலை செய்யும் மாநிறத்து ஆணின் நிலையை இந்த வாதம் தொடவில்லை. ஒரு வீட்டின் உண்மையை ஓர் இனத்தின் உண்மையாக விரிக்கும்போது இவ்வாறு நேர்கிறது.

மூன்றாவது, அமைப்பு. கவிதைகளின் தரம் சீராக இல்லை. சில கவிதைகள், கட்டுரைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டதை மீண்டும் சொல்கின்றன. இந்நூலின் வலிமை கட்டுரைகளில் உள்ளது.

நான்காவது, பிற்கால மொராகா. 2011-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில், இளைஞர்கள் பாலின மாற்றத்தைத் தேர்வது குறித்து அவர் தெரிவித்த கவலை திருநர்களாலும் இளைய எழுத்தாளர்களாலும் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. தன் உடலையும் விருப்பத்தையும் பற்றித் தானே பேச வேண்டும், பிறர் பேசக் கூடாது என்று 1983-இல் வாதிட்டவர், அடுத்த தலைமுறையின் உடல் பற்றிப் பேசும்போது தாயின் இடத்தில் நின்று அஞ்சுகிறார். இதை முன்னைய நூலை நிராகரிக்கக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன் தரும்.

மதிப்பீடு

பிற நாட்டு இலக்கியத்தைப் படிக்கும்போது நம் மாணவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. ஒரு நூலை ஒரு சமூகத்தின் சான்றிதழாக எடுத்துக்கொள்வார்கள். ‘மெக்சிக்கக் குடும்பங்கள் இப்படித்தான்’ என்று தேர்வில் எழுதுவார்கள். மொராகாவின் நூல் அத்தகைய வாசிப்புக்கு எதிரானது. வெள்ளையர் உலகம் தன் இனத்தை எள்ளி நகையாட இந்நூல் கருவியாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அவரிடம் இருக்கிறது. அதே சமயம், அந்த அச்சத்துக்காக வாயை மூடிக்கொள்ளவும் அவர் மறுக்கிறார். தன் வீட்டாரைப் பற்றி வெளியாரின் மொழியில் எழுதுவதும் ஒருவகையில் மலின்சேயின் வேலைதான். அந்தப் பெயரை அவர் தெரிந்தே ஏற்கிறார்.

இந்நூல் தாய்க்கும் மகளுக்கும் இடையே இனிமையான சமாதானத்தைக் காட்டி முடிவதில்லை. மகளின் வாழ்வைத் தாய் முழுதாக ஏற்றதாகவும் நூல் சொல்வதில்லை. தாய் ஏற்றுக்கொண்டால்தான் தாயை நேசிக்க முடியும் என்ற நிபந்தனையை மகள் கைவிடுகிறாள், அவ்வளவே. தாய் தனக்குச் செய்தது அநீதி என்று சொல்லும் உரிமையையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நேசிப்பது, குற்றம் சாட்டுவது ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்று காட்டியதே மொராகாவின் சாதனை. மரபை வணங்குபவர்களும் மரபை உதறுபவர்களும் எளிதில் ஏற்காத நிலை இது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2019-இல், மொராகா ‘நேட்டிவ் கன்ட்ரி ஆஃப் தி ஹார்ட்’ என்ற நினைவுநூலை வெளியிட்டார். அது தாய் எல்வீராவின் வாழ்க்கை வரலாறு. பருத்தி பறிக்க அனுப்பப்பட்ட சிறுமியாகத் தொடங்கி, அல்சைமர் நோயால் நினைவை இழக்கும் முதியவள் வரை அது தொடர்கிறது. முதல் நூலில் தாயிடம் தன்னைப் பார்க்கும்படி கேட்ட மகள், இந்நூலில் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு, ‘போர்க்காலத்தில் நேசித்தல்’ என்ற தலைப்பு காதலியை மட்டும் குறித்ததல்ல என்பது தெளிவாகும்.